பதினோரு பேருக்கும் ஒரே சொந்தக் காரணம்

1. வியாழக்கிழமை

பதினோரு ராஜினாமாக் கடிதங்களை பிரிண்ட் எடுக்க எனக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிதம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. பெயரையும் எம்ப்ளாயி நம்பரையும் மட்டும் மாற்றினால் போதும். "சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று இங்கிலீஷில் ரெண்டே வரி. கீழே கையெழுத்துக்குக் கோடு.

துபாய் ஜெபல் அலியில் ஒரு கோல்ட் ஸ்டோர். உறைந்த கோழி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் கன்டெய்னரில் வந்து இறங்கி, மைனஸ் பதினெட்டில் கிடந்து, பிறகு கடைகளுக்குப் போகும். அதில் எச்.ஆர். பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் தூத்துக்குடி, பெயர் ஜெசிந்தா. வேர்ஹவுஸ் ஆட்களுக்கு ஜெசி அக்கா. கோபம் வந்தால் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும், அதனால் முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு. அது இங்கே வேண்டாம்.

அது டிசம்பர் முதல் வாரம். எங்களுடைய பெரிய கஸ்டமர் ஒருத்தர் சரக்கையெல்லாம் வேறு கிடங்குக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். ரெண்டு சேம்பர் காலி. காலையில் மேனேஜர் குகன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியலை நீட்டினார். அவர் யாழ்ப்பாணம். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் சொன்னதை மாற்றவும் மாட்டார்.

"பதினொரு பேர். ஒரு மாசக் காசைக் கையில குடுத்து அனுப்புவம். வழக்கமா செய்யிற மாதிரி செய்து முடிச்சுத் தாரும்."

வழக்கம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் கம்பெனி ஒருத்தனை நிறுத்தினாலும் "நிறுத்தினோம்" என்று எழுதுவதில்லை. அவனே விலகினதாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். கம்பெனிக்கு அதில் தொல்லை இல்லை. ஆளுக்கும் அதுதான் நல்லது என்று எல்லாரும் நம்பினோம். நான் வந்த காலத்தில் டெர்மினேஷன், அதாவது கம்பெனியே நிறுத்துவது என்றால் எல்லாருக்கும் பயம். பாஸ்போர்ட்டில் முத்திரை விழும், 'பேன்' என்று தடை வரும், அடுத்த கம்பெனிக்காரன் வாசலோடு அனுப்பிவிடுவான் என்று ரூமுக்கு ரூம் பேச்சு. அதில் பாதி நிஜம், பாதி புரளி. ஆகவே நான் ராஜினாமாக் கடிதத்தை நீட்டும்போது ஏதோ உபகாரம் பண்ணுகிற நினைப்பில்தான் நீட்டுவேன். வாங்கினவர்களும் "பெரிய உதவி அக்கா" என்றுதான் சொல்லுவார்கள். ஒருத்தர் ஊரிலிருந்து மஸ்கோத் அல்வா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நானும் கூசாமல் தின்றிருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசியாக வந்தது இபுராகிம். கீழக்கரைக்காரன். இன்வென்டரி சூப்பர்வைசர், ஒன்பது வருஷ சர்வீஸ். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, மார்ச்சு வரைக்கும் மட்டும் என்னை வச்சுக்கிட மாட்டாங்களா? ஆயிஷாவுக்குப் பத்தாவது பரீட்சை."

"எய்யா, என் கையில என்ன இருக்கு?"

"ஸ்டோர்ல லோடிங்குக்குக்கூட நிக்கிறேன். சம்பளத்தக் குறைச்சாலும் சரி."

அவன் மகள் இங்கேதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறாள். பரீட்சைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் பதிந்தாயிற்று, இனி சென்டர் மாற்ற வழியில்லை. இப்போது கிளம்பினால் ஒரு வருஷம் போச்சு. வேலை போனாலும் அவன் விசா வகைக்கு கிரேஸ் பீரியட் என்று மூணு மாசம் கொடுப்பார்கள், அதுவரை குடும்பம் இங்கே இருக்கலாம். ஆனால் இருப்பதற்கு வாடகை வேண்டும், சோறு வேண்டும். சர்வீஸுக்கான கிராஜுவிட்டிப் பணம் வந்த அன்றைக்கே பேங்க்காரன் லோனுக்குப் பிடித்துக்கொள்வான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"மூணு மாசத்துல வேற வேலை கிடைக்கும் எய்யா. கடிதம் சுத்தமா இருந்தாத்தான் கிடைக்கும். போடு" என்றேன்.

போட்டான். நானே பேனா கொடுத்தேன்.

2. அஞ்சு திர்ஹம்

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இபுராகிமிடமிருந்து போன்.

"அக்கா, அந்த அஞ்சு திர்ஹம் இருக்குல்ல? அதுக்கு எப்ப எழுதிப் போடணும்? முப்பது நாளுக்குள்ளன்னு நீங்கதான சொன்னிய?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் பேச்சை வளர்க்கவில்லை. பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

வேலை இழப்புக் காப்பீடு என்று ஒன்று இந்த நாட்டில் வந்து சில வருஷம்தான் ஆகிறது. எங்கள் ஆட்கள் சம்பளத்துக்கு மாசம் அஞ்சு திர்ஹம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது, மூணு மாசம் வரை வரும். ஆரம்பத்தில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. "வரி இல்லாத நாடுன்னு சொல்லித்தான விமானம் ஏத்துனாங்க? இது மட்டும் என்னவாம்?" என்று என் மேஜையைச் சுற்றிச் சண்டை. அதில் பெரிய வாய் இபுராகிமுக்குத்தான். "அக்கா, அஞ்சு திர்ஹத்துக்கு ரெண்டு பரோட்டா தின்னு சாயாவும் குடிச்சிருவேன். போகாத வேலைக்கு எதுக்குக் காசு?" என்றான். நான்தான் எல்லாருடைய போனையும் பிடுங்கி, ஒவ்வொருத்தராக உட்காரவைத்துப் பதிந்துவிட்டேன். அப்போது நூற்று நாற்பது பேர். தொண்டை கட்டிப்போனது.

அந்தப் பதிவிலேயே நிபந்தனை போட்டிருந்தது. கம்பெனி நிறுத்தினால் பணம் உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் நிறுத்தினால் கிடையாது. தானாக விலகினால் கிடையாது. அதை நான் நூற்று நாற்பது தடவை ஸ்குரோல் பண்ணித் தள்ளியிருக்கிறேன். அந்தக் காப்பீடு வந்தபிறகு எங்கள் கம்பெனியில் ஆள் குறைப்பு என்று ஒன்று நடக்கவில்லை. ஆகவே பழைய வழக்கமும் இந்தப் புதுச் சட்டமும் ஒரு மேஜையில் சந்திக்கிற நாள் அன்றைக்குத்தான் வந்தது, நான் பாட்டுக்குப் பழைய வழக்கப்படி பேனாவை நீட்டிவிட்டேன்.

பதினோரு பேர் சோற்றிலும் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். பஸ் ஷேக் சாயத் ரோட்டில் நின்று நின்று போனது. எனக்கு இறங்கி ஓடலாம் போல இருந்தது. ஓடி எங்கே போவது? பி.ஆர்.ஓ. கபூருக்கு போன் போட்டேன். எல்லாருடைய விசா காகிதங்களையும் டைப்பிங் சென்டரில் அடித்து லேபர் மினிஸ்ட்ரியில் சேர்ப்பது அவர்தான், மலையாளி.

"கேன்சலேஷன் பேப்பர் போயாச்சா கபூர்க்கா?"

"இல்ல ஜெசி. திங்கள்கிழமை காலையில டைப்பிங் சென்டர் போகும். எந்தா, எதும் ப்ராப்ளமா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். ஒண்ணுமில்லையாம்! பொய் சொல்லக்கூட அன்றைக்கு எனக்கு ஒழுங்காக வரவில்லை.

3. வெள்ளிக்கிழமை

வெள்ளி அரை நாள். குகன் சார் ஜும்மா தொழுகைக்கு முன்னால் ஆட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மெயில் பார்ப்பார். பதினோரு மணிக்கு உள்ளே போனேன். போகும்போது என் வேலையையும் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. தூத்துக்குடியில் வீட்டுக் கடன் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. மாதாவே, நாக்கு நீளாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டுதான் கதவைத் தள்ளினேன்.

"சார், அந்தப் பதினோரு கடிதத்தையும் வாபஸ் வாங்கணும். கம்பெனிதான் நிறுத்துச்சுன்னு எழுதிக் குடுக்கணும். இல்லன்னா இன்சூரன்ஸ் பணம் வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உதென்ன புதுக் கதை? நீர்தானே பிரிண்ட் எடுத்தனீர்?"

"நான்தான் எடுத்தேன். நான்தான் தப்பு பண்ணினேன்."

"அவையள் கையெழுத்துப் போட்டாச்சு. ஹெட் ஆபீசுக்கு ராஜினாமா எண்டு மெயிலும் போட்டாச்சு. இப்ப பதினொரு டெர்மினேஷன் எண்டு காட்டினா அடுத்த கஸ்டமர் என்ன நினைப்பான்? கம்பெனி விழப்போகுது எண்டு நினைப்பான். நீர் ஆருக்கு வேலை செய்யிறீர்?"

எனக்கு அங்கேதான் குரல் ஏறிவிட்டது.

"சார், நான் கம்பெனிக்குத்தான் வேலை செய்யுறேன். அதனாலதான் சொல்லுறேன். இதுல ஒருத்தன் மினிஸ்ட்ரில போய் நின்னா என்ன ஆகும்? பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே பேனாவுல, ஒரே சொந்தக் காரணம் எப்படி வரும்? அந்த ரெண்டு வரியையும் எழுதுனது யாருன்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்ததும் பயம் வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வந்து கேக்கிற ஆக்களுக்கு மட்டும் மாத்திக் குடும். கேளாத ஆக்களிட்ட நாங்களாப் போய்ச் சொல்லத் தேவையில்லை. ஞாயிறுக்குள்ள முடிச்சுத் தாரும்."

வெளியே வந்து பாத்ரூமில் முகத்தைக் கழுவினேன். "போய்ச் சொல்லத் தேவையில்லை" என்று அவர் சொன்னார். போய்ச் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்று பகல் ரெண்டு மணிக்கு, ஆட்கள் தங்கியிருக்கிற கேம்ப்புக்கு டாக்ஸி பிடித்தேன்.

4. டெர்மினேஷன் வேண்டாம்

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இனிப்புப் பொட்டலம் கொண்டுபோகிற மாதிரி கேம்ப்புக்குப் போனேன். என்னைத் திட்டுவார்கள், பிறகு மன்னிப்பார்கள், பிறகு கடிதத்தை மாற்றிக்கொள்வார்கள். இதுதான் என் கணக்கு.

ஒருத்தரும் திட்டவில்லை. ஆனால் கடிதத்தையும் வாங்கவில்லை!

"டெர்மினேஷனா? ஐயோ வேண்டாம் அக்கா" என்றார் ஒரு போர்க்லிப்ட் டிரைவர். "நாளைக்கு ஒரு கம்பெனில கேட்டா என்னான்னு சொல்லுவேன்? திருடிட்டான்னு நினைப்பாங்க." இன்னொருத்தர், "ஊர்ல பொண்ணு பார்த்துட்டிருக்காங்க. வெளியேத்திட்டாங்கன்னு தெரிஞ்சா குடுப்பாங்களா?" என்றார். பணம் வரும் என்று சொன்னேன். "எவ்வளவு?" என்றார்கள். அங்கேதான் அடுத்த அடி. எங்கள் கம்பெனியில் சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் என்று பிரித்துப் போடுவோம், அடிப்படைச் சம்பளம் குறைவு. அதில் அறுபது சதவீதம் என்றால் கையில் எவ்வளவு வரும்? "இதுக்குப் போயி பேரைக் கெடுத்துக்கிடவா?" என்று கேட்டார்கள்.

இந்தப் பயத்தை யார் விதைத்தது? நான்தானே! பத்தொன்பது வருஷம் இதே வாயால்தான் "கடிதம் சுத்தமா இருக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதே வாயால் மாற்றிச் சொன்னால் எவன் நம்புவான்? தொண்டைத்தண்ணி வற்றப் பேசினேன். ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். நாலு பேர் கடைசிவரை மாட்டேன் என்றுவிட்டார்கள். பதினோராவது ஆள் இபுராகிம். அவன் கேம்ப்பில் இல்லை, குடும்பத்தோடு ஷார்ஜாவில்.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஒரே ஹால், நடுவில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆயிஷா வாய்விட்டு சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி ரஹ்மத் சாயா கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து.

இபுராகிம் தலையைக் குனிந்துகொண்டான். "மச்சான்கிட்ட கேட்டேன் அக்கா. அல் கோபார்ல இருக்காருல்ல, ரஹ்மத்தோட அண்ணன். இருபத்திரெண்டு வருஷமா சவுதில இருக்காரு. எது வேணாலும் வாங்கு, டெர்மினேஷன் லெட்டர் மட்டும் வாங்காதன்னு சொல்லுறாரு."

"உங்க மச்சானா வாடகை குடுக்கப் போறாரு?" வாய் தவறி வந்துவிட்டது. அவன் முகம் சிவந்தது.

அப்போது ரஹ்மத் பேசினாள். அதுவரை அவள் என்னிடம் சாயாவுக்குச் சீனி போதுமா என்பதற்கு மேல் பேசியதில்லை.

"இங்க பாருங்க, ஒங்கள வேலையிலேந்து நிப்பாட்டுனாங்களா இல்லையா?"

"நிப்பாட்டுனாங்க."

"நீங்களா வேண்டாம்னு சொன்னியளா?"

"இல்ல."

"அப்பறம் நடந்தத நடந்த மாதிரி எழுதுறதுக்கு நாம என்னத்துக்கு வெக்கப்படணும்? நிப்பாட்டுனவங்கதான வெக்கப்படணும்? எம் பொண்ணு பரீட்சை எழுதணும். காக்காகிட்ட நான் பேசிக்கிடுறேன்." அண்ணனை அவர்கள் காக்கா என்றுதான் சொல்வார்கள்.

திரைக்குப் பின்னால் படிக்கிற சத்தம் நின்றிருந்தது. இபுராகிம் கையை நீட்டினான். "குடுங்க அக்கா" என்றான்.

திங்கள்கிழமை ஏழு பேப்பர் ஒரு மாதிரியும், நாலு பேப்பர் வேறு மாதிரியும் டைப்பிங் சென்டருக்குப் போயின. விசா ரத்தானது டிசம்பர் கடைசியில்.

5. உட்கார்ந்து தின்கிறவன்

முதல் தவணை ஜனவரியில் அவன் கணக்குக்கு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு திர்ஹம். பழைய சம்பளத்தில் மூணில் ஒரு பங்குகூட இல்லை. ஹாலை விட்டுவிட்டு அதே கட்டடத்தில் ஓர் அறைக்கு மாறினார்கள். ரஹ்மத் நாலு வீட்டுக் குழந்தைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தாள். அப்படி இப்படி இழுத்துப் பிடித்தார்கள்.

ஏச்சுப் பேச்சு மட்டும் வஞ்சனையில்லாமல் வந்தது. "நமக்கு மாடு மாதிரி உழைச்சாத்தான் காசு, அவனுக்கு உக்காந்தாலே காசு" என்று கோல்ட் ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். பணம் கொடுத்து உட்காரவைத்தால் மனுஷன் சோம்பேறி ஆகிவிடுவான் என்பது பலருடைய கட்சி. மறைப்பானேன், எனக்கும் அடிமனதில் அந்த எண்ணம் உண்டு. எங்கள் தெருவில் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்படித்தானே பேசுவார்கள்? அதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நான்!

ஆகவே தேராவில் ஒரு மளிகைக் கடையில் ஆயிரத்து எண்ணூறுக்கு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவனிடம் சொன்னேன். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. அவன் வேண்டாம் என்றான். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் எய்யா? சும்மா இருந்து ஆயிரத்தஞ்ஞூறு வாங்குறதுக்கு இது முந்நூறு கூடத்தான?"

"அதான் அக்கா. வேலைக்குப் போனா இந்தப் பணம் நின்னுரும். அப்ப மாசம் முந்நூறுக்குத்தான் நான் பன்னிரண்டு மணி நேரம் நிக்கணும்."

"பார்த்தியா, அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. ருசி கண்டுட்ட!"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னான்: "ஆயிரத்து எண்ணூறு சம்பளத்துல குடும்ப விசா எடுக்க விடுவாங்களா அக்கா? அந்த வேலையில சேர்ந்த அன்னைக்கே ரஹ்மத்தையும் புள்ளையையும் ஊருக்கு அனுப்பணும். பரீட்சைக்கு முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு."

குடும்ப விசாவுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று எத்தனை பேருக்கு நான் விதி சொல்லியிருப்பேன்! கோபத்தில் அது எனக்கே தோன்றவில்லை. அவன் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னவர்கள் யாரும் அவனோடு ஒரு நாள் போய்ப் பார்க்கவில்லை. பிறகு நான் பார்த்தேன். காலையில் ஆறு மணிக்கு ரெஸ்யூமே பையோடு கிளம்பி, ராஸ் அல் கோர், அல் கூஸ் என்று கிடங்கு கிடங்காகப் பஸ்ஸில் அலைவான். செருப்பு தேய்ந்து ரெண்டு தடவை மாற்றினான்.

சென்னையிலும் ஒரு கிடங்கில் வேலை வந்தது. சம்பளம் பரவாயில்லை, பி.எப். பிடிப்பார்கள், வரியும் கொஞ்சம் பிடிப்பார்கள். எங்கள் ஆட்கள் வரி என்றாலே நெருப்பை மிதித்த மாதிரி பேசுவார்கள். நான் அந்தக் கணக்கை எடுத்தபோது இபுராகிம், "வரி போனாப் போகுது அக்கா. அங்க வரி கட்டுனா அந்த ஊர்ல இருக்கலாம். இங்க வரி இல்ல, ஆனா விசா முடிஞ்ச மறுநாள் நாமளும் இல்ல" என்றான். அந்த வேலையும் உடனே சேரச் சொன்னதால் நழுவிப்போனது. பரீட்சைதான் அவனைக் கட்டிப்போட்டிருந்தது.

6. யான்பு

பிப்ரவரி நடுவில் இபுராகிமுக்கு மச்சானிடமிருந்து போன். சவுதியில் யான்பு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி, ஸ்டோர் கீப்பர் வேலை, பழைய சம்பளத்தைவிட அதிகம். குடும்பம் கிடையாது, தனி ஆளாகத்தான் போக வேண்டும். பத்து நாளில் விமானம் ஏற வேண்டும். பரீட்சை அப்போதுதான் தொடங்கியிருந்தது, ரெண்டு பேப்பர் முடிந்திருந்தன.

இபுராகிம் நாட்டைவிட்டுக் கிளம்பினால் காப்பீட்டுப் பணம் நின்றுவிடும். அவன் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கிற மனைவியும் மகளும் கிளம்ப வேண்டும். போகாவிட்டால் மார்ச்சில் பணம் தீரும், கிரேஸ் பீரியடும் தீரும், வேலை கிடைக்குமோ கிடைக்காதோ.

என்னிடம் கேட்டான். நான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்வது? பரீட்சையை அடுத்த வருஷம் எழுதலாம், வேலை அடுத்த வருஷம் வருமா? "போயிரு எய்யா" என்றேன். பயத்தில் சொன்னது அது. இந்த நாட்டில் நான் எடுத்த முடிவெல்லாம் அந்தப் பயம் எடுத்ததுதான். வந்த முதல் வேலை, வாங்கின முதல் சம்பளம், கேட்காமல் விட்ட இன்க்ரிமென்ட், எல்லாமே.

அவன் போகவில்லை.

"மூணாவது தவணை இன்னும் வரணும் அக்கா. அது இல்லன்னா இன்னைக்கே விமானம் ஏறியிருப்பேன், புள்ளைய அழவச்சிட்டு. அது இருக்கதுனால நான் முடியாதுன்னு சொல்லுறேன். அவ்வளவுதான்."

அப்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், மச்சான் ஸ்பீக்கரில் கத்தினது எனக்கே கேட்டது. "சும்மா வர்ற காசு ஒன்னய முடமாக்கிருச்சுடா!" ரஹ்மத் போனை வாங்கி, "காக்கா, ஒங்க மவளுக்குப் பரீட்சைன்னா நீங்க ஏறுவியளா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். அந்த வேலை வேறு ஒருத்தருக்குப் போனது. அதற்கப்புறம் மூணு வாரம் அந்த வீட்டுப் பக்கம் போகவே எனக்குத் தைரியமில்லை. நான் மட்டும் கடிதத்தை மாற்றாமல் இருந்திருந்தால் அவன் இந்நேரம் யான்புவில் நல்ல சம்பளம் வாங்குவானே, நல்லது செய்கிறேன் என்று குடும்பத்தையே கவிழ்த்துவிட்டேனா என்று புழுங்கினேன். தூங்கி எழுந்தால் முதல் நினைப்பு அதுதான்.

7. அந்தக் கேள்வி

ஆயிஷா எல்லாப் பேப்பரையும் எழுதினாள். கடைசிப் பேப்பர் முடிந்தபோது அவர்களுக்கு இந்த நாட்டில் பதினோரு நாள் மிச்சம். டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ரஹ்மத் சொன்னாள்.

அதில் ஆறாவது நாள் மத்தியானம் இபுராகிம் போன் செய்தான். மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை. பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் குடும்ப விசாவுக்குப் போதும். அவனே மேலே சொன்னான்.

"அக்கா, இன்டர்வியூவுல அந்தக் கேள்வியைக் கேட்டாங்க."

"எந்தக் கேள்வி?"

"பழைய கம்பெனிய ஏன் விட்டேன்னு."

"என்ன சொன்ன?"

"கஸ்டமர் போயிட்டாங்க, கம்பெனி ஆளைக் குறைச்சாங்க, என்னை நிப்பாட்டிட்டாங்கன்னு சொன்னேன். லெட்டரையும் எடுத்து வச்சேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல அக்கா. அந்தாளு லெட்டரை எடுத்துக்கூடப் பார்க்கல. மைனஸ் டெம்பரேச்சர்ல வேலை பார்த்த அனுபவம் இருக்கான்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு."

போனை வைத்த பிறகு மேஜையிலேயே அழுதேன். குகன் சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் போனில் பேசினதைக் கேட்டிருந்தால், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். முதல் ரெண்டு நிமிஷம் அப்படித்தான். அப்புறம் அந்த நாலு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். பேர் கெட்டுவிடும் என்று டெர்மினேஷன் வேண்டாம் என்றவர்கள். ஒருத்தர் கிடைத்த முதல் வேலையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். ரெண்டு பேர் முதல் மாசமே ஊருக்குப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் என் போனை எடுப்பதில்லை.

இப்போது எச்.ஆர். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுகிறேன். வேலையில்லாதவனுக்குக் காசு கொடுத்தால் அவன் வேலைக்குப் போக மாட்டான் என்று எங்கேயாவது யாராவது பேசினால், அவன் எந்த வேலைக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று கேளுங்கள். கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டுவதற்கு முன்னால், இதில் கையெழுத்துப் போட்டால் எதை இழக்கிறாய் என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் அந்த ரெண்டு வரியில் கையெழுத்து வாங்கினேன் என்று எனக்கே எண்ணிக்கை தெரியாது. பதிலை யாருமே நின்று கேட்காத ஒரு கேள்விக்காக அத்தனை பேரையும் பயமுறுத்தி வைத்திருந்தேன்.